பெட்டிக்கு வைத்த சந்தனம்

நேற்று லஸ் கார்னரில் மெட்ரோ வேலியோரம் நின்றேன். மண் தோண்டும் இயந்திரத்துக்குள் ஒருவர் ஏசிக் காற்றில் உட்கார்ந்து கட்டைவிரலால் ஒரு குமிழைத் தள்ளிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த திரையில் ஆயுத பூஜைச் சந்தனம், நடுவில் குங்குமம். இத்தனை வருஷத்தில் நம்மவர்களுக்குப் புத்தி வரவில்லையே என்று சிரிப்பு வந்தது. சிரிக்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது, அது வேறு விஷயம்.

எழுபதுகளின் நடுவில் அடையாறில் ஒரு கான்ட்ராக்டரிடம் ஜூனியர் எஞ்சினியராக இருந்தேன். கால்வாயில் தூர் வாருகிற வேலை. ஹைட்ராலிக் எண்ணெயும் சேறும் கலந்த வாடை சட்டையை விட்டுப் போகாது. தி.நகர் பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலிதான்.

எங்கள் மேனேஜர் வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டியை வரவழைத்துத் தூர் வாரும் இயந்திரத்தில் மாட்டினார். டிபன் கேரியர் அளவுதான் இருக்கும். ஸ்விட்சைத் தட்டினால் அது வால்வுக்கு மின்சாரம் அனுப்பும், எண்ணெய் பாயும், சேறு அள்ளும் கிராப் வாயை மூடும், திறக்கும். மேனேஜர் அதை 'மூளை' என்பார். தம்மிடம் இல்லாத பொருளுக்கு மனிதர்கள் காட்டும் மரியாதையே தனி. கூட வந்த புத்தகத்தை மேஜையில் வைத்துப் பூட்டினார், அவரும் படிக்கவில்லை.

ஆபரேட்டர் தேவராஜ் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். வருஷக்கணக்காக லீவர் இழுத்து வலது தோள் இறங்கிப்போயிருந்தது. பெட்டி வந்த வாரம், "சோறு துன்ற மாதிரி கீது சார். தோளு வலியே இல்ல. இன்னும் பத்து வருசம் ஓட்டுவேன்" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. பெட்டிக்குப் பொட்டு வைக்க மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவரிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசையில் சந்தனத்தை மூன்று பட்டையாகத் தாராளமாகவே பூசி, நடுவில் குங்குமமும் வைத்தேன். பெட்டியின் முகப்பில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள். உள்ளே இருக்கும் சூடு வெளியேறத்தான் அவை என்று காலேஜில் படித்தவன் நான். மூன்று பட்டையும் அழகாக விழுந்த சந்தோஷத்தில் அது நினைவுக்கே வரவில்லை. "யாரும் துடைக்கக் கூடாது, சாமி காரியம்" என்று மேனேஜர் உத்தரவு வேறு.

மூன்றாம் நாள் மத்தியானம், சேற்றோடு லாரிப் பக்கம் திரும்பிய கிராப் பாதி வழியில் வாயைத் திறந்தது. கீழே மேனேஜரின் வெள்ளைக் கார். அவர் உள்ளே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள், சிலர் வருத்தத்தோடு.

"ஏன்யா, குடிச்சுட்டு வந்தியா?" என்று தேவராஜிடம் பாய்ந்தார் மேனேஜர்.

"ஸ்விட்சுல கையே வெக்கல சார். அதுவா தொறந்துகிச்சு."

மேனேஜர் என்னிடம் திரும்பினார். "நீ பாத்து எழுதிக் குடு."

பெட்டியைத் திறந்தேன். கை வைக்க முடியாத சூடு. காய்ந்த சந்தனம் ஓட்டைகளை அடைத்திருந்தது. குங்குமம் உள்ளே உதிர்ந்து கிடந்தது. தேவராஜ் கீழே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கர்ச்சீப்பை எடுத்து எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்தேன். 'பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அன்றே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

போகும்போது என்னிடம் வந்தார். "பரவால்ல சார். நீ வேலைக்குப் புச்சா வந்த ஆளு" என்றார்.

துடைத்த பெட்டி அதற்கப்புறம் ஒரு பழுதும் இல்லாமல் ஓடியது. தப்பு அவருடையதுதான் என்பதற்கு அதையே சாட்சியாகச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

இயந்திரங்களை நிறுத்தும் எங்கள் யார்டு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். கால்வாயின் மேல் ரயில் தூண்கள். மேனேஜரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கர்ச்சீப்பில் ஒட்டிய குங்குமம் முதல் சலவையிலேயே போய்விட்டது.