அடமானமாய் உட்கார்ந்த அண்ணன்

என் பெரியப்பா மகளுக்கு நாத்தனார் ஒருத்தி. அவள் பெற்ற பிள்ளைகள் இரண்டு. பெரியவன் இஸ்திரிக்காரன். தாயும் தகப்பனும் போனபின் ஊர்த்துணி தேய்த்துத் தம்பியை ஆளாக்கியவன் அவன்தான். கல்யாணப் பேச்செடுத்தால், “முதல்ல தம்பி தலையெடுக்கட்டும்” என்று வாயை அடைத்துவிடுவான்.

தம்பி தலையெடுத்தான். எடுத்த கையோடு, பழைய வண்டிக் கடையில் நின்ற ரேஸ் பைக் மேல் கண்ணை வைத்தான். வாங்கித் தருவதாக அண்ணனும் கூடப் போனான்.

“ஓட்டிப் பாத்துட்டு வரேன் சார்.”

“தாராளமா. உன் போனைக் குடுத்துட்டுப் போ,” என்றார் கடைக்காரர்.

“போன் இல்லாம எப்படி சார்? எங்கண்ணனையே விட்டுட்டுப் போறேன், போதுமா?”

இஸ்திரிக்காரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் சம்பந்தி மாதிரி சாய்ந்து உட்கார்ந்தான். வண்டி உறுமிக்கொண்டு தெருமுனை திரும்பியது. டீ வந்தது. ஷட்டர் இறக்கும் நேரமும் வந்தது. தம்பி வரவில்லை. போனும் அணைந்து கிடந்தது.

கடைக்காரர் போலீசுக்குக் கிளம்ப, இவன் அவர் காலைப் பிடித்தான். “என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல சார். அவன் வர்றவரைக்கும் இங்கயே வேலை செய்யறேன்.”

சம்பளமில்லாத ஆள் யாருக்குக் கசக்கும்? அன்று முதல் வண்டி கழுவினான்.

“யோவ் அடமானம்! மீட்க ஆள் வந்தாச்சா?” என்பார்கள் கடைப்பையன்கள்.

“வருவான்,” என்பான், செயினுக்கு எண்ணெய் விட்டபடி.

என் பெரியப்பா மகள் போய் அழைத்தாள். “அவன் வந்து நான் இல்லாட்டி என்னை எங்க தேடுவான் அத்தை?” என்று அனுப்பிவிட்டான்.

சில வருஷம் கழித்துக் கடைக்குத் தம்பியே போன் செய்தான். கடைக்காரர் ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், அந்த வண்டியை விக்கணும். ஆர்.சி. புக் வேணும். அண்ணன்தான் உழைச்சு வண்டிக் காசைக் கழிச்சிருப்பாரே?”

“அவர் எப்படியிருக்கார்னு கேக்க மாட்டியாடா?”

“உங்ககிட்டதானே இருக்கார்? எங்க போயிடப் போறார்!”

கடைப்பையன்கள் கைதட்டிச் சிரித்தார்கள். இஸ்திரிக்காரன் ஈரத்துணியைப் பிழிந்தான். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தான்.

அடுத்த வாரம் ஒரு வாலிபன் வந்து, ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்கச் சாவி கேட்டான். கூட வந்த தகப்பனை அதே நாற்காலியில் தோளை அழுத்தி உட்கார வைத்தான். “அப்பா இங்கயே இருப்பார் சார்.”

கடைக்காரர் வாய் திறக்குமுன் இஸ்திரிக்காரன் குறுக்கே வந்து ஈரக்கையை நீட்டினான்.

“ஆள் வேணாம் தம்பி. போனைக் குடு. அதைத் தேடியாவது திரும்பி வருவே.”