உண்டியலில் விழுந்த யானை

எல்லையில் வண்டி பள்ளத்தில் உருண்டதில் அண்ணனுக்கு ஒரு கால் போயிற்று. கூட இருந்த குருவிகுளத்துக்காரனுக்கு உயிரே போயிற்று. பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவன் எங்களிடம் சொன்னது அவ்வளவுதான். மேற்கொண்டு கேட்டால் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவான்.

விடிந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறப்பான். தொப்பியில் குத்தும் பித்தளைச் சின்னம் ஒன்றை எடுத்து, பாலிஷ் தொட்டுத் துலக்குவான். கேடயத்தில் ஒரு யானை. வெள்ளைக்காரன் காலத்துச் சண்டை ஒன்றில் அவன் படைப்பிரிவு பின்வாங்காமல் நின்றதற்குக் கிடைத்த யானையாம். பயிற்சி முடிந்து, கொடி முன்னால் சத்தியம் செய்தவன்தான் அதைக் குத்திக்கொள்ளலாமாம். முதல் லீவில் இதையெல்லாம் அவ்வளவு பெருமையாகச் சொன்னவன், இப்போது அதே யானையைப் பார்த்து அழுதான். எனக்கு அதைக் கண்டாலே ஆத்திரமாக வந்தது. பின்வாங்காமல் நின்று என்னத்தைக் கண்டது?

அம்மா என்னைப் போல வெறுமனே ஆத்திரப்படுகிறவள் இல்லை. எங்கள் ஊரில் பாம்பு, தேள் பயம் என்றால் தகட்டில் செய்த பாம்பு, தேள் உருவை வாங்கிக் கோமதியம்மன் உண்டியலில் போடுவோம். ஒரு செவ்வாய்க்கிழமை, அண்ணன் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவள் யானையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள்.

அண்ணன் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினான்.

“யம்மா, இங்கன இருந்த யானை எங்க?”

“அம்மனுக்குப் போட்டுட்டேன் மக்கா. பாம்பு படுத்துனா பாம்பைப் போடுதோம். உன்னைப் படுத்துதது அதுதானே.”

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

“அது என்னோடது இல்லம்மா. செத்தவனோடது. அவன் அம்மைகிட்ட கொடுக்கணும்னு வச்சிருந்தேன். போகத்தான் தைரியம் வரல.”

உண்டியலில் விழுந்தது சாமிக்கு. திரும்பக் கேட்பதில் பயனில்லை என்பது எங்களுக்கே தெரியும். மறுநாள் அம்மா குருவிகுளம் பஸ் ஏறினாள், நானும் கூடப் போனேன்.

மகனைப் பறிகொடுத்த அந்த அம்மாள் வாசலில் பாசிப்பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் காலடியில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி அழுதாள். அந்த அம்மாள் புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள், திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“எந்த உண்டியல்ல போட்டிய?”

“கோமதியம்மன் சன்னதியில.”

“அங்கனயே கிடக்கட்டும். அவன் பட்டாளத்துக்குப் போகும்போது நானும் அங்கனதான் பாம்பும் தேளும் போட்டேன். போற இடத்துல பூச்சி பொட்டு எதுவும் கடிச்சிரக் கூடாதுன்னு. எனக்கு வேண்டத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”