புட்டிக்குச் சோறு போடும் உத்தியோகம்

செல் வளர்க்கும் வேலையில் லீவு கிடையாது. மாடு வளர்த்தவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். மலேசியாவில் பீடோங் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளர். மூளை ரத்தக் குழாயின் உள்சுவர் செல்களைப் புட்டியில் வளர்த்து, வேண்டுமென்றே அழற்சி உண்டாக்கி, மறதி நோய் மாத்திரையில் உள்ள மருந்து அதைத் தணிக்கிறதா என்று பார்ப்போம்.

தீபாவளிச் சாப்பாடு

செல்லுக்கு இரண்டு நாளுக்கொருமுறை புதிய சத்துநீர் ஊற்றியாக வேண்டும். போன தீபாவளியும் அப்படி ஒரு நாளில் வந்து தொலைத்தது. புதுச்சேலையோடு காரை எடுத்தேன். பாக்கார் ஆராங்கில் எங்கள் பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன் வாசலில் நின்றார். எஸ்டேட்டில் லாரி ஓட்டியவர். இப்போது மறதி நோய். நாங்கள் ஆராயும் அதே மாத்திரையைத்தான் சாப்பிடுகிறார். எங்கே போகிறேன் என்று சொன்னதும் சிரித்தார். "நல்ல நாளும் அதுவுமா புட்டிக்குச் சோறு போடப் போறியா தங்கச்சி?"

தோசை மாவு

அடுத்த வாரம் புட்டிகள் கலங்கின. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்களுக்கு நடுவே ஈஸ்ட். அதற்கு இரண்டு நாள் முன்பு காலையில் புளித்த மாவைக் கையால் கலக்கிவிட்டு அவசரமாக வேலைக்கு ஓடியிருந்தேன். கையுறை போட்டேன், முழங்கையில் ஒட்டியிருந்த மாவைக் கவனிக்கவில்லை. மூன்று வார உழைப்பு குப்பைக்குப் போனது. எங்கள் ஆய்வை நடத்தும், என்னைவிட இளையவரான டாக்டர் ரேவதி திட்டவே இல்லை. அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, செல் பாக்குற நாள்ல தோசை வேணாம், மாவு புளிக்காத ரொட்டி சானாய் சாப்பிட்டுட்டு வாங்க லா!"

இரண்டு மாத்திரை

மறுபடி செய்தோம். மருந்து ஊற்றிய புட்டிகளில் அழற்சி குறைந்திருந்தது. சந்தோஷம் தாங்காமல் அன்று சாயங்காலமே அண்ணனின் மனைவி லெட்சுமி அக்காவிடம் உளறிவிட்டேன். புட்டியில் நடப்பது மனிதருக்கும் நடக்குமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

அக்கா மறுநாளிலிருந்து ஒன்றுக்கு இரண்டாக மாத்திரை கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் அண்ணன் வாந்தியெடுத்து, தலைசுற்றிக் குளியலறையில் விழுந்தார். நாடித்துடிப்பு இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, என் வாயால்தான் வந்தது என்று அழுதேன். "நீயா குடுத்தே? அவரு பழையபடி ஆயிடணும்னு எனக்குத்தான் அவசரம் லா."

அடையாளம்

நான்கு நாளில் அண்ணன் தேறினார். டாக்டர் பழைய அளவையே கொடுக்கச் சொன்னார். கட்டிலருகே போனேன். சொந்த மகன் பெயரே அவருக்கு வராது; என்னைத் தெரிய நியாயமில்லை. உற்றுப் பார்த்தார். "புட்டிக்குச் சோறு போடுற தங்கச்சிதானே? இன்னிக்குப் போட்டுட்டியா?"

அன்று போட வேண்டிய நாள்தான். மறதி மருந்தை ஆராயும் நான் மறந்ததை, அந்த மருந்தைச் சாப்பிடும் அண்ணன் நினைவுபடுத்திய புண்ணியத்தில் என் செல்கள் பிழைத்துக்கொண்டன.