நீளக் குழலும் குட்டைக் குழலும்

என் ஓரகத்தியும் நானும் தருமபுரியில் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர் கீழே, நான் மாடியில். தண்ணீர் மோட்டாரை யார் எப்போது போடுவது என்று வந்த சண்டையில் எங்களுக்குள் பேச்சு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கணவர்கள் வழியாகச் சொல்லி அனுப்புவோம். அண்ணனும் தம்பியும் முகம் சுளிக்காமல் மாடிப்படி ஏறி இறங்கினார்கள்.

அந்தச் சமயத்தில் சேலம் ரோட்டில் துப்பாக்கி சுடும் பயிற்சி மையம் ஒன்று திறந்தார்கள். என் மகளும் ஓரகத்தியின் மகனும் ஆசையாகச் சேர்ந்தார்கள். டியூஷன் நேரம் மாறியதும் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். வீட்டில் வேறு யாராவது அவர்களுக்குப் பதிலாக வரலாம் என்று மையத்தில் சொன்னார்கள். கட்டிய பணம் வீணாவானேன் என்று நான் கிளம்பிப் போனேன். அங்கே புது ஷூ மாட்டிக்கொண்டு ஓரகத்தி நின்றுகொண்டிருந்தார்.

பயிற்சியாளர் ஏரியூர்ப் பக்கத்துப் பெண். சிரித்த முகம். எங்கள் இருவரையும் வாய் நிறைய ‘அக்கா’ என்று கூப்பிடும். எங்களுக்கென்று இரண்டு ஏர் பிஸ்டல்களை எடுத்து வைத்தது. ஒன்றுக்கு நீளக் குழல், இன்னொன்றுக்குக் குட்டை. மூத்தவர் என்ற உரிமையில் ஓரகத்தி நீளமானதை எடுத்துக்கொண்டார்.

என் குண்டுகள் குறி அட்டை முழுக்கச் சிதறின. அவருடையவை எல்லாம் அட்டையின் அடியிலேயே போய் விழுந்தன.

“நல்லத அவங்களுக்குக் குடுத்துட்டு எனக்கு பொம்மத் துப்பாக்கியக் குடுத்தா எப்பிடிம்மா?” என்று பயிற்சியாளரிடம் கேட்டேன்.

“லேசானது அவளுக்குப் போயிடுச்சி. இது முன்னால பாரமா கைய இழுக்குது” என்றார் ஓரகத்தி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் பெண் மேசையில் இருந்த இரும்புப் பிடியில் முதலில் நீளக் குழலை இறுக்கிச் சுட்டது. பிறகு குட்டையை இறுக்கி, இன்னொரு அட்டையில் சுட்டது. இரண்டு அட்டையிலும் குண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் போய் ஒரே ஓட்டையாக விழுந்திருந்தன.

“பாத்தீங்களாக்கா? கையே படலைன்னா ரெண்டும் ஒண்ணுதானுங்க.”

எங்கள் முகம் போன போக்கைப் பார்த்து அதற்கே பாவமாகிவிட்டது போல. விளக்கிச் சொன்னது. குறி பார்ப்பதற்குக் குழலின் முனையில் ஒரு முள்ளும் பின்னால் ஒரு பள்ளமும் இருக்கின்றன. குழல் குட்டையானால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். முள் கொஞ்சம் விலகினால் கண்ணுக்குத் தெரியாது, குண்டு எங்கேயோ போய்விடும். நீளக் குழலில் அதே விலகல் பளிச்சென்று தெரியும், திருத்திக்கொள்ளலாம். ஆனால் நீளக் குழலைவிட்டு வெளியே வரக் குண்டுக்குக் கூடுதலாகக் கண்ணிமைக்கும் நேரம் பிடிக்கும். அதற்குள் கையை இறக்கினால் குண்டும் இறங்கிவிடும். ஓரகத்தி விசையை அழுத்திய கையோடு பிஸ்டலைத் தாழ்த்தி, எங்கே பட்டது என்று எட்டிப் பார்ப்பார்.

“மாத்திக்குங்கக்கா” என்றது. மாற்றிக்கொண்டோம். எனக்கு நீளம் நன்றாக ஒத்துவந்தது. அவருடைய குண்டுகள் கொஞ்சம் மேலே ஏறின, ஆனாலும் நடுவுக்கு வரவில்லை.

சில மாதங்கள் கழித்துச் சேலத்தில் போட்டி. நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஜோடிப் பிரிவு என்றார்கள். எங்கள் மையத்தில் அந்த வயதில் இருந்தது நாங்கள் மட்டும்தான். பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம்.

போட்டி தொடங்குவதற்குச் சற்று முன்னால் என் பிஸ்டலில் காற்று கசிய ஆரம்பித்தது. நடுவரிடம் கேட்டதில், குட்டைப் பிஸ்டலையே இருவரும் மாறி மாறிச் சுடலாம் என்றார். ஓரகத்தி முதலில் சுட்டார். வழக்கம்போல் கை இறங்கியது, குண்டும் கீழே போனது. அடுத்ததும் அப்படியே. எனக்குப் பொறுக்கவில்லை.

“அக்கா, கைய எறக்காதீங்க! சுட்ட பொறவும் அங்கயே புடிச்சிட்டு நில்லுங்க!”

திரும்பி முறைத்தார். ஆனால் அடுத்த முறை கை அசையாமல் நின்றது. குண்டு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. அவர் முகத்தில் வந்த சிரிப்பை அடக்க அவரால் முடியவில்லை.

என் முறை வந்தது. குட்டைக் குழல் பழக்கம் விட்டுப்போய் முதல் குண்டே ஓரத்துக்குப் போனது.

“ஏய், அட்டைய ஏன் பாக்கற? முள்ளப் பாரு. அவசரப்படாத” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“சரிங்கக்கா.”

“மேடம், ரெண்டு பேரும் பேசக் கூடாதுங்க” என்று நடுவர் எச்சரித்தார். இத்தனை காலத்துக்குப் பிறகு வாயைத் திறந்தோம், அதற்கும் தடை! எனக்குச் சிரிப்பு பீறிட்டது. மூச்சு அடங்கும்வரை பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு நிற்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் இடம் கிடைத்தது. வந்திருந்தவை நாலே ஜோடிகள். நாங்கள் அதை யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

திரும்பி வரும்போது தொப்பூர் மலைப்பாதை ஏறி முடிக்கும்வரை அவர் வாய் ஓயவில்லை. சொந்தமாக ஒரு பிஸ்டல் வாங்க வேண்டுமாம்.

“நீளமா குட்டையாங்கக்கா?”

“நீளந்தான். இனிமே என் கையி நிக்கும்” என்றார்.

வாங்கியும்விட்டார். கை பெரும்பாலும் நிற்கிறது. நிற்காத நாட்களில் நான் பின்னாலிருந்து கத்துகிறேன்.