ஷரீஃபுன்னிசாவின் பத்து மணி வகுப்பு

ஓசூர் பாகலூர் ரோட்டில், மரவாடிக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை ஒன்றில் மெஹபூப் பாஷா உடற்பயிற்சி நிலையம் நடத்தி வந்தார். பகலில் சிப்காட்டில், தகடு அழுத்துகிற ஒரு பிரஸ் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. விடிகாலையிலும் சாயங்காலத்திலும் கொட்டகை. பளு தூக்குவதில் மாவட்ட அளவில் பேர் வாங்கிய மனிதர். அவருடைய மனைவி ஷரீஃபுன்னிசா கல்யாணமாகி வந்த பதினோரு வருஷத்தில் அந்தக் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. வியர்வை ஊறிய துண்டுகளைத் துவைத்துக் காயப்போடுவதோடு அவளுக்கும் அதற்குமான உறவு முடிந்துவிடும்.

எண்பத்தெட்டாம் வருஷம் கிருஷ்ணகிரியில் ஒரு போட்டிக்கு நடுவராகப் போய்விட்டுத் திரும்பும்போது, சூளகிரி தாண்டி ஜல்லி கொட்டிக் கிடந்த இடத்தில் பாஷாவின் ஸ்கூட்டர் சறுக்கியது. வலது தோள் மூட்டும் காறை எலும்பும் உடைந்தன. பெங்களூரில் ஆபரேஷன் நடந்தது. கட்டைப் பிரித்த பிறகு கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழவில்லை.

"இனி பளு தூக்குறதை மறந்துடுங்க" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து பாஷா யாரிடமும் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக் கொடுக்க ஒரு கன்னடத்து அம்மாள் இருந்தார். ஆறு விதமான அசைவுகளைச் செய்து காட்டினார். பாஷா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஷரீஃபுன்னிசாதான் கண் எடுக்காமல் பார்த்தாள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அத்திப்பள்ளி வரும்வரை, மறந்துவிடக் கூடாதே என்று, முந்தானைக்குள் தன் தோளையே மெல்ல மெல்லச் சுழற்றிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் கதவு நிலைக்கு மேலே கிணற்று ராட்டினம் ஒன்றை மாட்டிக் கயிறு கோத்தாள்.

"எந்திரிங்க. இடது கையால இழுங்க, வலது கை தானா மேல போவும்."

"விடு ஷரீஃபு. ஆவுற காரியமா சொல்லு."

"ஆவுதா இல்லையான்னு பத்து நாள் கழிச்சுப் பேசுவோம். ஒந்து... எரடு... மூரு..."

"தமிழ்ல எண்ணேன்."

"அந்தம்மா கன்னடத்துலதான் சொல்லிக் குடுத்தாங்க. தமிழ்ல எண்ணினா எனக்கு எல்லாம் மாறிப்போவுது."

தோள் உடைந்த நாளுக்கப்புறம் பாஷா அன்றுதான் சிரித்தார்.

அடுத்த நாலு மாதத்தில் அவள் கற்றுக்கொண்டது ஆறு அசைவுகளை மட்டுமல்ல. வலியில் இரண்டு ஜாதி உண்டு என்பது அவருடைய முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்தது. இழுக்கிற வலி என்றால் புருவம் சுருங்கும். இன்னும் கொஞ்சம் போகலாம். குத்துகிற வலி என்றால் உதடு வெளுக்கும். அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் கயிற்றைத் தளர்த்திவிடுவாள். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பாஷா தன் வலது கையாலேயே தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, அதே கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. ஒரு கம்பெனியில் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்தபடி பொடிப்பொடி சாமான்களைச் சேர்க்கிற வேலை. முப்பது வயதுக்குள் கழுத்து இறுகிப் போய்விட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பின்னல் போட முடியாமல் முடியைத் தோளோடு வெட்டியிருந்தாள்.

"எக்கா, கழுத்து திரும்பவே மாட்டேங்கு. அண்ணனுக்குச் செஞ்ச மாதிரி எனக்கும் ஏதாச்சும் சொல்லித் தாங்களேன்."

"நான் டாக்டர் இல்லடி. முதல்ல போயி எலும்பைக் காட்டிக்கினு வா. எலும்பு நல்லா இருக்குதுன்னா அப்புறம் பார்ப்போம்."

எலும்பு நன்றாக இருந்தது. டாக்டர் தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். ஷரீஃபுன்னிசா அவளைச் சுவரோரம் முதுகு ஒட்ட நிற்கவைத்து, முகவாயை உள்ளே இழுக்கச் சொல்லி ஆரம்பித்தாள். ஒரு மாதத்தில் பேச்சியம்மாளோடு வேலை செய்யும் மூன்று பேர் வந்தார்கள். பிறகு ஏழு பேர். வீட்டில் கை வீச இடமில்லை.

பாஷாவே சொன்னார்: "பத்து மணியில இருந்து பன்னண்டு வரைக்கும் கொட்டகை சும்மாதான கிடக்குது? பசங்க யாரும் வர மாட்டாங்க. அங்க போயி பண்ணுங்க."

முதல் நாள் உள்ளே போன பெண்கள் அப்படியே வெளியே ஓடி வந்துவிட்டார்கள். சுவர் முழுக்க ஜட்டியோடு நிற்கும் பயில்வான்களின் படம். ஷரீஃபுன்னிசா பழைய பேப்பரை அளந்து வெட்டி, ஒவ்வொரு பயில்வானையும் மார்பிலிருந்து முட்டி வரை மூடினாள். பன்னிரண்டு மணிக்குப் பேப்பரை எடுத்துவிடுவாள். சில நாள் மறந்துவிடும். சாயங்காலம் வருகிற பையன்கள், பேப்பர் கட்டிய பயில்வான்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. ஒருநாள் சாயங்காலம், பாஷாவிடம் நாலு வருஷமாகப் பயிற்சி எடுக்கிற ஒருவன் கேட்டான்: "மாஸ்டர், அக்கா எப்ப வருவாங்க? எங்கம்மாவுக்கு இடுப்பு வலி, அக்காகிட்டதான் கேக்கணும்."

ராத்திரிச் சாப்பாட்டில் பாஷா பாதியில் எழுந்துவிட்டார். "என் கொட்டகைன்னு நினைச்சுக்கினு இருந்தேன். இப்ப அது உன் கொட்டகை ஆயிடுச்சு" என்றார்.

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. பளு தூக்க முடியாத மனிதருக்கு மிச்சமிருந்தது 'மாஸ்டர்' என்ற அந்த ஒரு சொல்தான். அதிலும் தான் பங்கு கேட்டுவிட்டோமோ என்று நினைத்தாள். மறுநாள் அவள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

நாலாம் நாள் பாஷாவுக்கு வார விடுமுறை. பத்து மணிக்குக் கொட்டகைப் பக்கம் போனவர் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். பூட்டிய கதவுக்கு முன்னால் ஐந்தாறு பெண்கள் காத்திருந்தார்கள். நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்திருந்த பேச்சியம்மாள், வெளிச்சுவரில் முதுகை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது. ஆனாலும் போனது. போய்ப் பின்னந்தலையைத் தொட்டது. வெட்டி விட்டிருந்த முடி இப்போது முதுகு வரை வளர்ந்திருந்தது. அதை மூன்றாகப் பிரித்துத் தானே பின்னத் தொடங்கினாள். மற்றப் பெண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாஷா வீட்டுக்கு வந்து சாவியை எடுத்து மனைவியின் கையில் வைத்தார். "போ. உன் ஆளுங்க வெயில்ல நிக்கிறாங்க" என்றார்.

அடுத்த வார விடுமுறையில் அவர் பர்கூருக்கு பஸ் ஏறினார். அங்கே கல் அறுக்கிற மாதப்பன் அவருக்குப் பழைய சிநேகிதர். கொட்டகையில் இருந்த இரும்பெல்லாம் பெண்கள் கைக்கு மீறிய கனம். மாதப்பனோடு உட்கார்ந்து, கருங்கல்லில் ஒரு கிலோவில் ஆறும் இரண்டு கிலோவில் ஆறுமாகப் பன்னிரண்டு துண்டுகள் அறுத்து, பிடிக்கிற இடத்தைக் குடைந்து, கை வழுக்காமலிருக்கச் சைக்கிள் டியூப் சுற்றி, சாக்கில் கட்டி எடுத்து வந்தார். சாயங்காலம் அவற்றை வரிசையாக வைத்துவிட்டு, "எப்படி இருக்குது?" என்று கேட்டார். ஷரீஃபுன்னிசா ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். கையில் அளவாக உட்கார்ந்தது. "நீங்கதான் மாஸ்டர்" என்றாள்.

தொண்ணூற்று நாலில் பெங்களூர் ரோட்டில் ஏசி போட்ட புது ஜிம் திறந்தார்கள். பாஷா போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஓடுறதுக்கு ஒரு மிஷின் வெச்சிருக்கான் ஷரீஃபு. நின்ன இடத்திலயே ஓடலாம்."

"எதுக்கு? ராயக்கோட்டை ரோட்டுக்கு என்ன கேடு?"

சிரித்தாலும் இருவருக்கும் விஷயம் தெரிந்தது. ஆறு மாதத்துக்குள் பையன்களில் முக்கால்வாசிப் பேர் அங்கே போய்விட்டார்கள். சாயங்காலக் கொட்டகையில் பாஷா தனியாக உட்கார்ந்து, துடைத்த இரும்பையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். பத்து மணி வகுப்பில் மட்டும் ஒருத்தியும் குறையவில்லை. முட்டி வீங்கிப் படுத்துவிட்டதால் கொட்டகைக்கு வர முடியாத வெங்கடம்மா என்ற தெலுங்குக்கார அம்மாளுக்காக ஷரீஃபுன்னிசா வாரம் மூன்று நாள் மத்திகிரிக்கே போய் வந்துகொண்டிருந்தாள். "பெங்களூர்ல எங்க மவ வீட்டுக்கும் இப்பிடித்தாம்மா ஆள் வர்றாங்களாம். ஒருத்தருக்கு ஒரு ஆளு! அதுக்கு பர்சனல் டிரெய்னர்னு பேராம்" என்று வெங்கடம்மா சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அன்று வீடு திரும்பியதும் அவள் கணவரின் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, உடம்பை ஏத்தணும்னு வர்ற பசங்க மிஷின் இருக்கிற எடத்துக்குத்தான் போவாங்க. அது போவட்டும். ஆனா இந்த ஊர்ல எத்தினி கம்பெனி பாருங்க. பிரஸ்ல நிக்கிறவனுக்கு முதுகு, லேத்துல நிக்கிறவனுக்கு முட்டி, உக்காந்தே இருக்கிறவனுக்கு சக்கரை. இனிமே வரப்போறவங்க இவங்கதான். என்கிட்ட வர்ற பொம்பளைங்க எல்லாரும் வீட்டுக்காரருக்கு சொல்லித் தர யாரு இருக்காங்கன்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

பாஷா தன் வலது தோளைத் தடவிக்கொண்டார். பிறகு, "எனக்குக் கனமா தூக்கச் சொல்லத்தான் தெரியும்" என்றார்.

"உடைஞ்ச தோளோட எழுந்து நின்னவரு நீங்க. அது எத்தினி மாஸ்டருக்குத் தெரியும்?"

ஒரு திங்கட்கிழமை, முதல் ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு ஆண்களின் வகுப்பு தொடங்கியது. வந்தது இரண்டே பேர். ஒருவர் பேச்சியம்மாளின் கணவர் மாடசாமி. இன்னொருவர் பாஷாவோடு வேலை செய்கிற, குனிந்தால் நிமிர முடியாத ஒரு பெரியவர். வாசலுக்கு வெளியே துண்டுகளை உலர்த்துகிற சாக்கில் ஷரீஃபுன்னிசா காது கொடுத்து நின்றாள். இருபது வருஷமாக அந்தக் கொட்டகையில் "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று அதட்டிய குரல் இப்போது வேறு மாதிரி வந்தது.

"போதும் மாடசாமி. மூச்சை விடு. இழுக்குதா, குத்துதா? இழுக்குதுன்னா சரி. மெதுவா. நமக்கு அவசரமே இல்ல."

அடுத்த வாரம் ஐந்து பேர் வந்தார்கள்.