மண்டபத்துக்குப் பானையில் போன கறுப்பு சிவப்பு மீன்

ஐம்பத்தாறாம் வருஷம் சித்திரையில் கமுதிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து மண்டபத்துக்குப் போனேன். அவ்வளவு தூரம் போய், ராமேஸ்வரத்தில் சாமி கும்பிடாமல் திரும்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நான் போனது இரண்டு மீனுக்காக.

கண்மாய் வற்றினால் ஊரே இறங்கி மீன் பிடிப்பது எங்கள் வழக்கம். அந்த வருஷம் என் ஊத்தாக் கூடையில் கெண்டையும் விராலும் போக, யாரும் பார்த்திராத இரண்டு மீன் சிக்கின. ஒன்று அட்டக்கரி, துடுப்பிலும் வாலிலும் சேலைக்குப் போட்டதுபோலச் சிவப்புக் கரை, தாடை மட்டும் வெள்ளை. மற்றது மங்கலான சாம்பல் மஞ்சள். அதிசயமாக இருக்கிறதே என்று பானைத் தண்ணீரில் விட்டு, ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி ராக்குவிடம் காட்டினேன். அவள் குனிந்து பார்க்கிறாள், மங்கல் மீனைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குஞ்சுகள்! பானை அசைந்ததுதான் தாமதம், அந்த மீன் வாயைத் திறந்து அத்தனையையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

“ஆத்தாடி! பெத்ததையே திங்கிதே! வயித்துப்பிள்ளக்காரி கண்ணுலயா இது படணும்?” என்றாள் பக்கத்து வீட்டு மதினி.

ராக்குவுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. இதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான் சொன்ன சமாதானமெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். எனக்கும் உள்ளுக்குள் பயம். மண்டபத்தில் மீன் ஆராய்ச்சி ஆபீஸ் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்ததால், மறுநாள் விடிந்ததும் பானையோடு கிளம்பிவிட்டேன்.

பரமக்குடிக்கு பஸ் பன்னிரண்டு அணா. கண்டக்டர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். “என்னய்யா, கறுப்பும் செவப்புமா இருக்கு? கொடி கட்டி ஓட்டுக் கேக்கப் போகுதா?” என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பரமக்குடியில் ரயில். மூன்றாம் வகுப்பு, மண்டபத்துக்கு ஒண்ணேகால் ரூபாய், நாற்பத்தைந்து மைல் இருக்கும். எதிரே தங்கச்சிமடத்து மீன்காரம்மா ஒருவர். வெகுநேரம் உற்றுப் பார்த்தார். “கடல்ல இப்படி ஒண்ணு நான் கண்டதில்ல தம்பி. கொழம்பு வச்சுப் பாத்தா என்ன சாதின்னு தெரிஞ்சிரும்” என்றார். பானையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

ஆபீஸில் இருந்த அதிகாரி பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

“ரெண்டும் ஒரே சாதி. திலேப்பியா. வெளிநாட்டு மீன், நம்ம பக்கம் வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகுது. கறுப்பு ஆண். சோடி சேர்ற காலத்துல இந்த நிறம் வரும். மங்கலா இருக்கிறது பொண்ணு.”

“குஞ்சைத் தின்னுருச்சே, ஐயா?”

அவர் இரண்டையும் கண்ணாடித் தொட்டியில் விட்டார். தண்ணீர் அடங்கியதும் பெண் மீனின் வாயிலிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவர் கையை மேலே ஆட்டினார். எல்லாம் வாய்க்குள் ஓடின. கையை எடுத்தார், திரும்ப வந்தன. “திங்கல. ஒளிச்சு வைக்குது. முட்டையிலேருந்தே வாயிலதான் வச்சுக் காப்பாத்தும். குஞ்சு தனியாப் பொழைக்கிற வரைக்கும் பெரும்பாலும் இரை எடுக்காது” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

மீன்களை அவர் கேட்டார், கொடுத்துவிட்டேன். ஊர் திரும்பி, ஒன்று விடாமல் ராக்குவிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்தக் கறுப்பு என்ன செய்யும்?”

“அது பாட்டுக்கு மினுக்கிக்கிட்டுத் திரியும்போல.”

“அப்ப நம்ம வீடு மாதிரிதான்” என்று சிரித்தாள். “எந்திரிச்சுப் போயி சோத்தப் போட்டுக் கொண்டாங்க, பசிக்குது.”

நீங்களும் உயிர்மீனோடு மண்டபம் போவதானால் வாயகன்ற பானை எடுங்கள், பாதிக்கு மேல் தண்ணீர் வேண்டாம், ராமநாதபுரம் ஸ்டேஷனில் தண்ணீர் மாற்றிக்கொள்ளலாம். வீடு திரும்பியதும் பெண் மீனைப் பற்றி விலாவாரியாகச் சொல்லுங்கள். ஆண் மீனைப் பற்றிக் கேட்டால், முதலில் போய்ச் சோற்றைப் போட்டு வந்துவிட்டு அப்புறம் வாயைத் திறங்கள்.