பங்களாச் சுவரில் வறட்டி

ஊரில் பஞ்சம் தாங்காமல் வெள்ளைத்தாய் கடல் தாண்டி, காடு கடந்து, இலங்கையின் பல்லேகலயில் ஒரு துரையின் மாட்டுப்பட்டிக்கு வேலைக்கு வந்து சேர்ந்தாள். கோப்பி என்று அங்கே சொல்லும் காப்பித் தோட்டத்து மாடுகளுக்குப் பால் கொடுக்கும் தொல்லையெல்லாம் கிடையாது; கோப்பிச் செடிக்கு உரமாகச் சாணி போடுவதே அவற்றின் உத்தியோகம். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

முதல் நாளே ஒரு துளி விடாமல் சாணியை வழித்தாள். வெள்ளையடித்த பங்களாச் சுவர் முழுக்க வறட்டி தட்டிவிட்டாள்.

கங்காணி மொக்கையன் தலையில் கைவைத்தார். "அடியே, தொரை வீட்டுக்கே பொட்டு வச்சிட்டியே! மூட்டையக் கட்டு!"

"வெயில் படுற செவரு அது ஒண்ணுதாங்க இருந்துச்சு." அவள் மூட்டையைத் தொடவில்லை. திரும்பிப் போனால் பஞ்சம்தான்.

துரை வந்தார், சிவந்தார். பிறகு சுவரை மேலும் கீழும் அளந்தார்.

"ஒரு நாளைக்கு இவ்வளவு சாணியா? இத்தனை காலம் பாதி எங்கே போச்சு, கங்காணி?"

அள்ளச் சோம்பல்பட்டுப் பாதியை ஓடையில் தள்ளிவந்த கங்காணி, மழை வருமா என்று வானத்தை ஆராயத் தொடங்கினார்.

வறட்டிகள் கோப்பிச் செடிக்குப் போயின. வெள்ளைத்தாய் பட்டியிலேயே நிலைத்தாள். சுவருக்கு மறுபடி வெள்ளையடித்தவர் கங்காணி.